ஆம்பளைங்க வெளிய நில்லுங்க

முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தியதாக நினைவில்லை. ராயகிரியில் ஒரு தெருவுக்குள் சேதி நுழைந்தால் அது எந்தத் திண்ணையிலும் நிற்பதில்லை. பெரியம்மா வந்தாள், சித்தி வந்தாள், அக்காவின் மாமியார் வந்தார், பால் ஊற்றும் அக்காவும் வந்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு சட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். பப்பாளி பக்கமே போகாதே. அன்னாசி ஆகவே ஆகாது. குங்குமப்பூ போட்டுப் பால் குடி, பிள்ளை செவப்பாகப் பிறக்கும். கிரகணத்தன்று அரிவாள்மணையைத் தொடாதே. இரண்டு உயிர் இருக்கிறது, இரண்டு ஆள் சோறு தின்னு. ஒருத்தி நடக்கச் சொன்னாள், இன்னொருத்தி படுக்கச் சொன்னாள். ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து என் மனைவியின் நெற்றியில் பூசிவிட்டார்.

இதெல்லாம் பாசம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் ஆதங்கம் வேறு. சொல்ல வேண்டியதை எல்லாம் அவளிடம் சொல்கிறார்கள், வாங்க வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பேருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்காக இரண்டு பேரும் சேர்ந்து நிற்க ஓர் இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, வேலை பார்க்கிற இடத்தில் இல்லை, கடைசியில் வீட்டிலும் இல்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெஷின் பார்க்கிற சைடர். பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அவள் சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பஸ்ஸுக்கு ஓடிவரும் வரை நிற்பதுதான் வேலை. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்தது. நல்ல சட்டம் என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். இவள் வேலை பார்த்த கடையில் ஸ்டூல் இருந்தது. அது மேல் தட்டில் இருக்கிற சேலையை எடுக்க ஏறி நிற்பதற்கு. மசக்கையில் தலை சுற்றிய ஒரு நாள் அதில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் திட்டவில்லை, பார்த்தார். அந்தப் பார்வைக்கே எழுந்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம் கால் வீங்கியது. நர்சம்மா இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, "எட்டரைதான் இருக்கு, இப்படியே விட்டா பிரசவத்துல ரத்தம் ஏத்த வேண்டி வரும்" என்றார். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதியில் இவளும் ஒருத்தி. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் குமட்டும், தின்னாவிட்டால் மூச்சு வாங்கும். கடையில் லீவு கேட்டாள். "பிள்ளையப் பெத்துட்டு வாம்மா, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்கு அர்த்தம் வேலை போய்விட்டது என்பதுதான். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத்தை 2017இல் திருத்தி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடையிலும் கம்பெனியிலும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். அவளுக்கு அது தெரியும். நான்தான் போனில் படித்துக் காட்டினேன். "அதப் போயி அவங்ககிட்டக் கேட்டா பேறுகாலம் முடிஞ்சு எந்தக் கடையில எனக்கு வேல குடுப்பாவ?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சங்கரன்கோவில் கடைத்தெரு அவ்வளவு பெரிதில்லை. ஒரு கடையில் சட்டம் பேசினவள் என்று பெயர் எடுத்தால் அடுத்த கடைக்கு அவளுக்கு முன்னாலேயே அந்தப் பெயர் போய்விடும்.

சரி, வேலை போனது போகட்டும், வீட்டில் இருக்கட்டும், நாமாவது கூட இருந்து பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசல் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பெண்களுக்கான பரிசோதனை நாள். முழு நைட்டு முடிந்து வந்து, பல்லை விளக்கிவிட்டு, தூங்காமல் இவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் என் தோளை அழுத்துவாள், நான் காலை ஊன்றி வண்டியை உருட்டுவேன். அன்றைக்கு குளுக்கோஸ் டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை, தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவளும் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு போகலாம் என்பதுதான் இந்த முறையின் நல்ல குணம். சென்னையில் டாக்டர் வி. சேஷையா பல வருடம் பாடுபட்டு இதை நிலைநாட்டினார். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007இலேயே தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடு முழுவதும் வைத்திருக்கிறார்கள். நல்ல டெஸ்ட். அதில் எனக்கு வாயைத் திறந்து சொல்ல ஒரு குறையும் இல்லை.

ஆனால் வாசல்படியில் காலை வைத்ததுமே குரல் வந்தது. "ஆம்பளைங்க வெளிய நில்லுங்க."

வெளியே வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் என்னைப்போல ஏழெட்டுப் பேர். எல்லோர் கையிலும் கட்டப்பை. கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சில் இவள் தலை தெரிந்தது. பாட்டிலை அண்ணாந்து குடிப்பதும், நிறுத்துவதும், பக்கத்தில் இருந்த பெண் என்னவோ சொல்வதும், மறுபடி குடிப்பதும் தெரிந்தது. இவளுக்குக் குமட்டல் வந்தால் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மோந்து பார்க்க வேண்டும். புளியங்குடி மார்க்கெட் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்து வீடுகளில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து பழம் இல்லாமல் இவள் வாசல் தாண்டினது கிடையாது. அன்றைக்கும் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பழம் இருந்த பை என் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பையைப் பார்த்ததும், அவள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டதும் ஒரே நேரம். பழத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மறுபடி அதே குரல். உள்ளே போன ஓர் அக்காவிடம் கொடுத்து, "பச்ச சுடிதார் போட்டிருக்காளே, அவகிட்டக் குடுங்கக்கா" என்று கெஞ்சினேன். அந்த அக்கா வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இவள் ஜன்னலோரம் குனிந்துவிட்டாள். குடித்த அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் டெஸ்ட் செல்லாது. மறுநாள் வரச் சொன்னார்கள்.

மறுநாள் என்றால் மறுபடி அந்த வேகத்தடைகள், மறுபடி அந்தத் தண்ணீர், மறுபடி எனக்குத் தூக்கமில்லாத பகல். அன்றைக்கு இரவு மெஷின் பக்கத்தில் நின்று கண்ணைச் சொருகினேன் என்று மேஸ்திரி பாதி ஷிப்டில் வெளியே அனுப்பினார். ஒரு நாள் சம்பளம் போனது. ஒரு எலுமிச்சம்பழம் பத்தடி தூரம் போயிருந்தால் இத்தனையும் இல்லை.

நர்சம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒரே ஹால். அதிலேதான் எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித்திரை, அதுவும் பாதிக் கம்பியில் நிற்கிறது. அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஆம்பளைகளை விட்டால் அவர்கள் எப்படிக் கூச்சமில்லாமல் இருப்பார்கள்? வெளியே நிற்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இல்லாதது, எத்தனையோ வருடமாக அந்த ஒரே ஹாலை அப்படியே வைத்துக்கொண்டு புருஷன்மாரை மட்டும் வேப்பமரத்தடிக்கு அனுப்புவது. புருஷனுக்கென்று ஒரு பெஞ்சு, கூட வந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து இந்த மாதம் என்ன சாப்பாடு, எந்த அறிகுறி வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்ல ஓர் ஆள். இதற்குக் கோடிக்கணக்கில் ஆகாது. கால் வீங்கினால் சரி, முகம் வீங்கித் தலை வலித்துக் கண் மங்கினால் பிரஷராக இருக்கும், ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த தெரு அண்ணன் ஒருவர் தன் வீட்டில் நடந்ததை வைத்துச் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு 108க்குப் போன் போடப்போகிறவன் நான். அதை எனக்குத்தானே சொல்லித்தர வேண்டும்?

ஸ்கேன் எடுத்தபோதும் இதே கதை. அது தனியார் இடம். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று வாசலில் பெரிய போர்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டம். அது இருக்க வேண்டிய சட்டம்தான். வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் இவள் வயிற்றின் வடிவத்தைப் பார்த்தே ஆண் பிள்ளை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறபோது அந்தச் சட்டத்தின் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் அப்பன் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நான் உள்ளே வரலாமா என்று கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டு, "லேடீஸ் யாரும் வரலையா?" என்றார்கள். இவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "குதிர ஓடுத மாதிரி இருந்துச்சுங்க, டக்கு டக்குன்னு" என்றாள். ஆசையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்தது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் தருகிறார்கள். 1987இல் 300 ரூபாயில் தொடங்கின திட்டம். 14,000 கையில், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் உண்டு. பணத்தை நான்காம் மாதத்தில் 6,000, பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும்போது 6,000, ஒன்பது மாதத்தில் 2,000 என்று 2024இல் மூன்று தவணையாக மாற்றினார்கள். எங்களுக்கு முதல் தவணையே இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆதாரில் இவளுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து, பேங்கில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் என் பெயர். ஒரே பெண், மூன்று பெயர். இதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கும் பேங்குக்கும் அலைகிற வேலைக்கு மட்டும் எவரும் என்னை வெளியே நிற்கச் சொன்னதில்லை. "வீட்டுக்காரர் வந்திருக்காரா? இங்க ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள்.

மில்லில் லீவு என்று பேச்செடுத்தால், "உனக்கா பேறுகாலம்?" என்று கேட்டுவிட்டு மொத்த ஷெட்டும் சிரிக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கிறவனுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. நான் ஆப்சென்ட்தான் போட வேண்டும், சம்பளத்தோடு சேர்த்து அந்த மாதத்து வருகைப் படியும் போகும். என்னைவிடப் பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கே கதி என்ன என்பதற்கு எங்கள் தென்காசி மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2023இல் கடையநல்லூர் காவல் ஆய்வாளர் ஒருவர், செயற்கைக் கருத்தரிப்பில் கர்ப்பமான மனைவியின் பிரசவத்துக்குக் கூட இருக்க விடுப்புக் கேட்டார். முதலில் 90 நாள் கொடுத்தார்கள், பிறகு சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். அவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 30 நாள் கிடைத்தது. அது முடிந்து அவர் பணிக்குத் திரும்பவில்லை என்று வேலையை விட்டு ஓடினவராக உத்தரவு போட்டார்கள். மறுபடி நீதிமன்றம். நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார். தந்தைமார் விடுப்புக்கு நம் நாட்டில் ஒரு சட்டம் வேண்டும், பிறக்கிற பிள்ளையைப் பேண அப்பாவும் அம்மாவும் இருக்க வேண்டியது அந்தப் பிள்ளையின் உரிமை என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார்.

ஸ்டேஷனே கையில் இருந்த ஆய்வாளர் பெண்டாட்டி பக்கத்தில் இருக்க இரண்டு தடவை கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. நான் எந்தப் படி ஏறுவேன்? அந்தத் தீர்ப்பு வந்த அன்று பேப்பரில் படித்திருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏதோ போலீஸ் வழக்கு என்று பக்கத்தைத் திருப்பினேன். இப்போது தேடி எடுத்து வைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்த பிறகும் தனியார் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இப்போதைக்கு ரொம்ப உறுத்துவது அதுதான்.

அடுத்த மாதம் வளைகாப்பு. ஏழு வகைச் சோறு, கை நிறைய வளையல், அன்றைக்கே அவளை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். இதற்கு மறுபேச்சே கிடையாது. அத்தை வந்து, "மாப்பிள்ள, ஏழாம் மாசம் நாங்க கூட்டிட்டுப் போயிருதோம். பிள்ளைக்கு மூணு மாசம் முடியட்டும், அப்புறம் நல்ல நாள் பாத்துக் கொண்டுவந்து விடுதோம்" என்று சொன்னபோது அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தேதி சொன்னார். என் அம்மாவும் தலையாட்டினாள். அந்த வழக்கத்தில் இருக்கிற நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. புகுந்த வீட்டில் வயிறு தள்ளிக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கின பெண்கள் எத்தனை பேர்? அவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும், பெற்ற தாய் கையால் சாப்பிடட்டும், மாமியாருக்குப் பயப்படாமல் பத்து மணி வரை தூங்கட்டும் என்றுதான் நம் பெண்கள் இப்படி ஒரு வழியை வைத்தார்கள். அதை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்த வழக்கத்தில் புருஷனுக்கு இடம் எங்கே? ஐந்தாறு மாதம் பிரித்துவைக்கிறார்கள். பிள்ளை உதைக்கிற மாதம், வலி வருகிற நாள், பெற்றெடுத்த பிறகு அவள் உடம்பும் மனசும் நொறுங்கிக் கிடக்கிற வாரங்கள் எல்லாம் அதற்குள்ளே வந்து போய்விடும். நான் மாமியார் வீட்டுக்குப் போய்த் தங்கினால் ஊர் பேசும். வாரத்துக்கு ஒரு நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் "நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். அப்படித்தான் எல்லோரும் செய்திருக்கிறார்கள். என் அப்பாவிடம் சொன்னேன். "நீ பொறந்தப்ப நான் கோட்டயத்துல வேல பாத்துட்டுக் கெடந்தேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் ஒம் மூஞ்சியவே பாத்தேன். நீ வளரலையால?" என்றார். நான் வளர்ந்துவிட்டேன். அப்பாவிடம் பேச இன்றைக்கும் எனக்கு அம்மா நடுவில் வேண்டும். அது ஏன் என்று அவரும் யோசித்ததில்லை, நானும் இதுவரை கேட்டதில்லை.

சிநேகிதர்கள் வேறு. "என்னல, எப்பப் பாத்தாலும் பொண்டாட்டி பின்னாடி கட்டப்பையத் தூக்கிட்டுத் திரியுத?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்கிறார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவசரம் என்றால் நடுராத்திரி இரத்தம் கொடுக்க ஓடிவருவார்கள். ஆனால் தினமும் கூட இருப்பது என்பது அவர்கள் கணக்கில் ஆம்பளை வேலை இல்லை.

முந்தாநாள் ராத்திரி, பகல் ஷிப்டு என்பதால் வீட்டில் இருந்தேன். இவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். இடதுபக்கம் விலாவுக்குக் கீழே ஒரு தட்டு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் நீளமாக ஓர் உருளல். குதிகாலாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அப்புறம் கேட்டாள்.

"அங்க போயிட்டா இத யாருகிட்டச் சொல்ல?"

"போன்ல சொல்லு."

"முழு நைட்டுல இருந்தா போன எடுப்பியளா?"

மில்லுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வலி வந்தது என்றாலும் காலையில் வெளியே வந்துதான் எனக்குத் தெரியும். அதை அவளும் அறிவாள். தெரிந்தேதான் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வலி வரும்போது எங்கம்மா இருப்பா. ஆனா எனக்கு நீங்க இருந்தாத்தான் பயமில்லாம இருக்கும்" என்றாள்.

அவள் கேட்டது ஒன்றும் ஊரில் இல்லாத ஆசை இல்லை. பிரசவ அறையில் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே திட்டம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களுக்கு அது முன்மாதிரி. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, துணைக்கு வருகிறவர் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. மற்ற பெண்களின் மறைவு காக்கப்படுகிற பிரசவ அறையாக இருந்தால் புருஷனையும் துணையாக அனுமதிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், யார் துணைக்கு வேண்டும் என்பதைப் பிரசவிக்கிற பெண்ணே தீர்மானிக்க வேண்டும் என்றது. பக்கத்தில் விடாமல் துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே இதைச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணைப் பற்றி மேடைதோறும் கவலைப்படுகிறார்கள்.

ஆக, எழுத்தில் எனக்கு இடம் இருக்கிறது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒழுங்கான திரை இருந்தால் இடம் இருக்கிறது. திரை இல்லை, ஆகவே நான் இல்லை. இத்தனை பெரிய விஷயம் போய் ஒரு கம்பியிலும் நாலு முழத் துணியிலும் நிற்கிறதே என்பதை நினைத்தால்தான் ஆற மாட்டேன் என்கிறது. விசாரித்தேன். "ஆம்பள பாத்தா மயக்கம் போட்டு விழுந்துருவான், அப்புறம் அவனை யாரு பாக்க?" என்றார் ஓர் ஊழியர். விழுகிறவன் விழட்டும், எழுந்து மறுபடி வந்து நிற்பான். மில்லில் விரல் போனவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடியிருக்கிறேன், அப்போது எனக்கு மயக்கம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பெண்ணின் மானத்தைக் கெடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அவளுக்கும் ஒரு புருஷன் வேப்பமரத்தடியில் நிற்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் திரை கேட்கிறேன்.

திங்கட்கிழமை தோறும் தென்காசி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிவிட்டேன். பரிசோதனை நாளில் கூட வருகிறவர்கள் உட்கார ஒரு கூரையும் பெஞ்சும், புருஷன்மாருக்குப் பத்து நிமிட விளக்கம், எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் கட்டிலுக்குக் கட்டில் திரை, 2016 வழிகாட்டுதல்படி விரும்புகிற பெண்ணுக்குப் புருஷனையும் துணையாக அனுமதிப்பது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். இவளும் கையெழுத்துப் போட்டாள். ஆதாரில் இருக்கிற பெயரையே போடச் சொன்னேன். வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களிடமும் வாங்கலாம் என்று கடந்த செவ்வாய்க்கிழமை கொண்டுபோனேன். முதலில் தயங்கினார்கள், ஒருவர் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். உள்ளேயிருந்து வெளியே வந்த நர்சம்மா என்ன காகிதம் என்று வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "திரைய மட்டும் எழுதாதீங்க தம்பி, எங்களுக்கு இன்னொரு ரூமும் வேணும்னு சேத்து எழுதுங்க" என்றார். சேர்த்து எழுதிவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை எனக்குப் பகல் ஷிப்டு. அரை நைட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.